எண் அழிந்த ரிவால்வர்

அரக்கு முத்திரையை உடைக்க ஏதாவது கம்பி கிடைக்குமா என்று போலீஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் தன் சாவிக்கொத்தால் நாலு தட்டுத் தட்டி உடைத்தார். துணியைப் பிரித்தார். உள்ளே காக்கிக் காகிதம். அதையும் பிரித்தார்.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ரிவால்வரை அன்று கோர்ட்டில்தான் மறுபடி பார்த்தேன். வழக்குச் சாமான்களைப் போட்டுவைக்கும் அறையில் அத்தனை மழைக்காலம் கிடந்ததில், மேலெல்லாம் தேமல் போலத் துரு படர்ந்திருந்தது. ஆனால் தோட்டா போடும் உருளைக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் நான் பளபளப்பாக்கிய மாதிரியே இருந்தது. தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி அதில் தெரிந்தது.

அந்த இடத்தில்தான் அதன் எண் இருந்திருக்க வேண்டும்.

"இத பாத்திருக்கியா?" என்றார் சர்க்கார் வக்கீல். பேச்செல்லாம் இந்தியும் மராத்தியும்தான். தமிழில் எழுதுகிறேன்.

"பாத்திருக்கேன் சாஹேப்."

"இதுல நம்பர் இருந்துச்சா?"

எதிரே, குற்றம் சாட்டப்பட்டவராக, ஜகதாப் காகா நின்றிருந்தார். காகா என்றால் சித்தப்பா; அங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுபதை நெருங்கியவர். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இருந்தது, என் கண்ணால் படித்தேன்" என்று நான் சொன்னால், அது அவருடைய லைசென்ஸில் எழுதியிருக்கும் ரிவால்வர். சொல்லாவிட்டால், எண்ணை அழித்து அவர் ஒளித்து வைத்திருந்த கள்ளத் துப்பாக்கி. அவருக்கு என்னை விட்டால் வேறு சாட்சி இல்லை.

"இருந்துச்சு" என்றேன்.

அடுத்த கேள்விக்குப் போகும் முன்பு, அந்தக் கூண்டில் நான் ஏறி நின்ற காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மூக்கில் கறுப்பு

ஆரணியில் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தோற்கப் பயந்து ரயிலேறியவன் நான். அதையும் நடுவில் ஓட்டல்களில் கழுவிய பாத்திரங்களையும் வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். புனே வந்ததும் முதலில் கிடைத்தது ஆகுர்டியில் பஃபிங் வேலை. இரண்டு சக்கர வண்டிகளின் கைப்பிடி, சைலன்சர், விளக்கு வளையம் எல்லாம் முலாம் பூசப் போகும் முன்பு கண்ணாடி போல ஆக வேண்டும். வேகமாகச் சுற்றும் துணிச் சக்கரத்தில் மெருகு சோப்பைத் தேய்த்து, இரும்பை அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்றாலும், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் தார் வரும். சோற்றில் சோப்பு வாசம் அடிக்கும். நல்ல பஃபர் ஐந்து வருஷம் தாங்குவான் என்பார்கள். கெட்ட பஃபர் சீக்கிரம் வேறு வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொள்வான்.

எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு பீஸையும் தூக்கி மீசைக்கு நேரே பிடிப்பார். மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தால் பாஸ். கலங்கலாகத் தெரிந்தால் சக்கரத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று வருஷம் அப்படிப் பிழைத்தவனுக்கு, இரும்பின் மேல் இருப்பதெல்லாம் அழுக்கு என்ற நினைப்பு கையில் ஏறிவிடும். துரு அழுக்கு, கீறல் அழுக்கு, வார்ப்பில் விழுந்த எழுத்தும் அழுக்கு. எல்லாவற்றையும் எடுத்தால்தான் மீசை தெரியும்.

இருமல் வந்து அந்த வேலையை விட்டேன். அல்லது அவர்கள் என்னை விட்டார்கள். கொஞ்ச நாள் லாரியில் கிளீனராகத் திரிந்தேன். அப்புறம் கேம்ப் பக்கம் ஒரு சந்தில், முர்தஜா சேட் என்பவரின் துப்பாக்கிக் கடையில் சேர்ந்தேன். லைசென்ஸ் உள்ள கடை. விற்பனை குறைவு, ரிப்பேர்தான் அதிகம். வேட்டை நின்று, ராஜாக்கள் போய், வீட்டுப் பெட்டியில் மிஞ்சியிருந்த துப்பாக்கிகள்தான் அங்கே வரும்.

குங்குமத்தின் வேலை

வெடிக்காத நாட்டு ரிவால்வர், உடைந்த ஸ்பிரிங், காணாமல் போன கைப்பிடிப் பலகை என்று பல வரும். பலகைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனா பஜாருக்குப் போவேன். பழைய பூட்டுகளுக்கும் கிராமபோன் கைகளுக்கும் நடுவில் எப்போதாவது ஓர் எபோனைட் கைப்பிடி கிடைக்கும். சொந்தத்துக்கும் அப்படிக் கொஞ்சம் சேர்த்தேன். துப்பாக்கி வைத்துக்கொள்ள எனக்கு யார் லைசென்ஸ் தரப் போகிறார்கள்? திருகாணிகளும் கைப்பிடிப் பலகைகளுமாக ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய இருந்தது. துப்பாக்கி இல்லாத துப்பாக்கிச் சேகரிப்பு.

பழைய ரிவால்வர்களைச் சேர்ப்பவர்கள் சிலரும் கடைக்கு வருவார்கள். அவர்கள் இரும்பைப் பார்க்கிற விதமே வேறு. பூதக்கண்ணாடியை எடுத்துக் கிரீடம், அம்பு, ஒற்றை எழுத்து, வருஷம் என்று குட்டிக் குட்டி முத்திரைகளைத் தேடுவார்கள். எந்த ஊரில் செய்தது, எந்தப் பட்டாளத்தில் இருந்தது, யார் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தியது என்று அதிலிருந்தே சொல்லிவிடுவார்கள். எனக்கு அது ஜோசியம் மாதிரி இருந்தது. நான் முத்திரையைப் பார்த்ததில்லை. மீசையைத்தான் பார்த்தேன்.

தசரா முடிந்த வாரம் கடையில் கூட்டம் தாங்காது. நம் ஊரில் ஆயுத பூஜைக்கு அரிவாள், தறி, லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதைப் போல, அங்கே கண்டே நவமியன்று வீட்டில் இருக்கும் கத்தி, கலப்பை, துப்பாக்கிக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் குழைத்து வைப்பார்கள். தண்ணீர் விட்டுக் குழைத்ததை யாரும் துடைப்பதில்லை. துடைத்தால் அபசகுனம். அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த வருஷம் அதே இடத்தில் அதன் மேலேயே மறுபடியும் வைப்பார்கள். குங்குமத்துக்கு அடியில் இரும்பு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் ஜகதாப் காகா வந்தார். ஹடப்சரில் கரும்பும் கொஞ்சம் வெங்காயமும் போடும் விவசாயி. அவருடைய அப்பா உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியிருந்தது. ரிவால்வரை மஞ்சள் துணியிலிருந்து எடுத்து வைத்தார். உருளைக்குக் கீழே, பொட்டு வைத்து வைத்து, செங்கல் நிறத்தில் ஒரு பொருக்கு கட்டியிருந்தது.

"சுட வேணாம்பா, சுட்டு நான் யாரைக் கொல்லப் போறேன்" என்றார். "பாக்க நல்லா இருந்தா போதும். அடுத்த தசராவுக்கு என் பேத்தி இதுக்குப் பொட்டு வைக்கப் போறா. துருவுக்கா வைக்கிறது?"

செல்வி அக்காவின் பேரேடு

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஆயுதம் உள்ளே வந்தாலும், வேலை தொடங்கும் முன்பு அதன் எண்ணை இரும்பைப் பார்த்துப் படிக்க வேண்டும். அது லைசென்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். பேரேடு எழுதியவர் செல்வி அக்கா. கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்காவின் தமிழில் பாதி இந்தி. என்னை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்.

"ஏ ஆரணி, நம்பர் போல், சீக்கிரம் சொல்லு! அஞ்சு மணிக்கு எனக்கு பஸ் இருக்கு."

பொருக்கை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டியிருந்தால் அடியில் எண் இருந்ததா என்று தெரிந்திருக்கும். அரை நாள் வேலை. மேஜை மேல் இன்னும் பதினோரு துப்பாக்கி காத்திருந்தது. நான் லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து படித்தேன்.

"நாலு, ஏழு, பூஜ்யம், ஒன்னு, ஏழு."

அக்கா பேனாவை நிறுத்தினார். "இரும்புல பாத்தியா, புக்குல பாத்தியா?"

"இரும்புலதான்க்கா."

"சச்சி?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல எதுக்கு, உன் மேல பண்ணிக்கோ" என்றபடி எழுதினார். எண் தெளிவாக உள்ளது, சரிபார்க்கப்பட்டது.

மறுநாள் சக்கரத்தைப் போட்டேன். முதலில் இரும்பை அராவும் எமரி, பிறகு துணி, பிறகு சோப்பு. பொருக்கு போயிற்று. அதன் அடியில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். குழி போகும் வரை பிடித்தேன். குழியோடு வேறு ஏதாவது போனதா என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் அதை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். என் மீசை முடி முடியாகத் தெரிந்தது. அப்புறம் மற்ற இடங்களுக்குக் கறுநீலப் பூச்சு ஏற்றினேன். அந்த இடத்தை மட்டும் ஏற்றாமல் விட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

ஜகதாப் காகா வந்து பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்க்கையில் என் வேலைக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. பொருள் கடைக்கு வந்தபடியே இருக்கிறது என்று பேரேட்டில் வழக்கமாக எழுதும் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போனார்.

தேர்தல் வந்தது

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் ஆயுதத்தைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஜகதாப் காகாவும் அவருடைய அப்பாவும் எத்தனையோ தேர்தலுக்குக் கொடுத்து வாங்கியவர்கள்தான். ஏட்டு லைசென்ஸைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வார். திரும்பக் கொடுக்கும்போதும் லைசென்ஸைப் பார்த்தே எழுதுவார்.

அந்தத் தடவை புதிதாக வந்திருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இரும்பைப் பார்த்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய முகம் தெரிந்தது.

காகாவை அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. எண்ணை அழித்த ஆயுதம் வைத்திருப்பது பெரிய குற்றம். லைசென்ஸ் ரிவால்வரை எங்கேயோ விற்றுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு திருட்டு ரிவால்வரை வைத்திருக்கிறார் என்று எழுதினார்கள். கடையில்தான் மெருகு போட்டேன் என்றார் காகா. போலீஸ் கடைக்கு வந்தது. சேட் பேரேட்டை எடுத்துக் காட்டினார்.

உள்ளே வந்தபோது எண் தெளிவாக இருந்தது. வெளியே போனபோது வந்தபடியே இருந்தது. இரண்டுக்கும் கையெழுத்து இருந்தது. ஆக, எண் அழிந்தது கடையில் இல்லை. வீட்டில்தான்.

நான் சொன்ன ஒரு பொய் இப்படி எழுத்தில் நிற்கும் சாட்சியாக மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை என்பதும் ஒரு சாக்குத்தான்.

போலீஸ் போனதும் சேட் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "உண்மைய சொல்லு. நம்பர் பாத்தியா?"

"இல்ல சேட்."

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ இத போய்ச் சொன்னா என் லைசென்ஸ் போச்சு. கடை போச்சு. உன்னையும் உள்ள போடுவான். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் இந்தூர்ல இருக்கான். சாயங்காலம் வண்டி இருக்கு."

நான் போய்விட்டேன். ஊர் மாறுவது எனக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. அதனால் அது ஓடிப்போவது போலவே தெரியவில்லை.

இந்தூரில் கேட்ட வசவு

இந்தூரில் பழைய கைத்துப்பாக்கிகள் சேர்த்து வைத்திருந்த ஓர் ஆளிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். முதல் நாளே நான் எமரித் தாளைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கசாப்புக்காரனா நீ? தோலை உரிச்சிட்டா எவன் பொணம்னு எப்படிடா தெரியும்?"

பழைய இரும்பின் பழுப்பு நிறத்தை விட்டுவைக்க வேண்டும், எண்ணெயில் ஊறவைத்து மாட்டுக்கொம்புச் சீவலால் துருவை மட்டும் தள்ள வேண்டும், முத்திரை இருக்கும் பக்கம் சக்கரத்தைக் கொண்டே போகக் கூடாது. இதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. தெரிந்து என்ன? காகாவின் ரிவால்வருக்குப் புனேயிலேயே தோலை உரித்துவிட்டு வந்திருந்தேன். இந்தூரிலும் நான் நிலைக்கவில்லை. கோட்டா, நாக்பூர், சோலாப்பூர் என்று சுற்றிவிட்டு மறுபடி புனேக்கே வந்தேன்.

நான் போனபோது ஹடப்சரில் கரும்பு இருந்தது. திரும்பி வந்தபோது கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தன. மகர்பட்டா பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசலில் காவல்காரனாக நின்றேன். வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்க்கும் வேலை. சென்னைப் பையன்கள் தமிழில் பேசிக்கொண்டு உள்ளே போவார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலையில், எதிர்ப்புறம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ரோட்டையும் பார்க்காமல் பஸ்ஸையும் பார்க்காமல் நேராக வந்தார்.

"அரே, பாலிஷ்வாலா!"

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"உன்னை எங்கெல்லாம் தேடறது! அந்தக் கடை மூடிட்டாங்க. சேட் போய்ச் சேந்துட்டார். உன் பேர்கூட யாருக்கும் சரியா தெரியல. நீதான் என் சாட்சி, தெரியுமா? நீதான் நம்பரைப் பாத்தவன். புத்தகத்துல எழுதிருக்கே!"

அத்தனை வருஷமும் தேதி தேதியாகக் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்தில் ரசாயனம் தடவிப் பார்த்துவிட்டு, துடைத்து எண்ணெய் பூசியிருக்கிறார்கள். ஓர் இலக்கம் மட்டும் நிழல் மாதிரி எழுந்ததாம். அது ஒன்றா ஏழா என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். செல்வி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பாலிஷ்காரன் படித்தான், நான் எழுதினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆக, எல்லாம் என்னிடம் வந்து நின்றது.

"அப்பா காலத்துலேர்ந்து இதே துப்பாக்கிதான்னு சொன்னா, அப்ப அப்பாவே திருட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தார்னு சொல்றாங்க. செத்தவரைச் சொல்றாங்கப்பா" என்றார் காகா. "ஜெயில் பரவால்ல. அந்தப் பேச்சுதான் தாங்கல."

கட்கிக்குப் போய்ச் செல்வி அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"வா ஆரணி, மகாராஜா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, நான் அன்னிக்கி நம்பர் பாக்கல."

"பதா ஹை. நீ சத்தியம் பண்ணப்பவே தெரியும். பஸ்ஸுக்கு டைம் ஆச்சுன்னு எழுதிட்டேன்." கதவுத் தாழ்ப்பாளைத் தடவினார். "இப்ப போய் பாத்தேன்னு சொல்லப் போறியா?"

"சொன்னா காகா வெளிய வந்துருவார்."

"மொதல்ல ஒரு பொய். அத காப்பாத்த ரெண்டாவது. உனக்கு ரெண்டாவது ஒழுங்கா வரும்னு என்ன கேரண்டி? ஒன்னே ஒழுங்கா வரல." ஆனாலும் போகாதே என்று அவர் சொல்லவில்லை.

கூண்டில்

"இருந்துச்சு" என்று சொன்னேன் அல்லவா? அங்கேயே திரும்பி வருகிறேன்.

"என்ன நம்பர்?"

"நாலு, ஏழு, பூஜ்யம், ஒன்னு, ஏழு." தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"எந்த இடத்துல?"

காட்டினேன். ஜகதாப் காகாவின் வக்கீல் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"உன் கண்ணால படிச்சே?"

"ஆமா சாஹேப்."

சர்க்கார் வக்கீல் இளைஞர். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்.

"இந்த இடத்துல ஏன் இவ்வளவு ஆழமா தேய்ச்சே? மத்த இடத்துல இப்படி இல்லையே?"

இதற்கு மட்டும் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். வேலையைப் பற்றிய கேள்வி அல்லவா? யாரும் சொல்லித்தராத பதில். என்னை அறியாமல் நிமிர்ந்து நின்று சொன்னேன். "அங்கதான் சாஹேப் குங்குமப் பொருக்கு. வருஷக்கணக்கா ஏறினது. காலணா கனத்துக்கு இருந்துச்சு. இரும்பே தெரியல. எமரி போட்டாத்தான்..."

நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் தப்பு.

"இரும்பே தெரியல" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அப்ப நம்பரை எப்படி படிச்சே?"

தட்டச்சுக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீதிபதியும் பார்த்தார். நான் காகாவைப் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகை முன்னால் நிற்கவைத்த மாதிரி நின்றேன். அங்கிருந்து ஓடிப்போக ரயில் இருந்தது. இங்கே கூண்டுக்கு ஒரே வழி. அதில் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"படிக்கல சாஹேப்" என்றேன். "லைசென்ஸைப் பாத்துச் சொன்னேன். நம்பர் அழிஞ்சது என் கையாலதான். அவர் மேல தப்பு இல்ல."

"நம்பர் இருந்துச்சான்னே உனக்குத் தெரியாது. அப்புறம் அழிச்சேன்னு எப்படி சொல்றே?"

முதலில் சொன்னதும் நானே, பிறகு சொன்னதும் நானே. இந்தச் சாட்சி எதற்கும் உதவாது என்று எழுதிக்கொண்டார்கள். பொய் சொன்னதற்கு என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று காத்திருந்தேன். அதற்குக்கூட என்னை யாரும் பொருட்படுத்தவில்லை. இறங்கிப் போ என்றார்கள்.

கோர்ட் கலையும் வரை

தீர்ப்பு அன்று வாசல் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். லைசென்ஸில் உள்ள ரிவால்வர் இதுதான் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே குற்றம் குற்றமே என்றார் நீதிபதி. வயது, முந்தைய வழக்கு எதுவும் இல்லாதது, இத்தனை வருஷம் ஒரு தேதியும் தவறாமல் வந்தது எல்லாவற்றையும் பார்த்துத் தண்டனையைக் குறைத்தார். கோர்ட் கலையும் வரை காகா அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ரிவால்வரை வெட்டி அழிக்க வேண்டும். லைசென்ஸ் ரத்து.

சாயங்காலம் வரை ஒரு பெஞ்சில் உட்காருவது ஒரு தண்டனையா என்று வக்கீல் சிரித்தார். ஜெயித்த மாதிரிதான் காகா, ஜெயித்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வேறு கோர்ட்டுக்குப் போனார். காகா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"உக்காரு" என்றார்.

ஏதேதோ வழக்குகள் நடந்தன. ஒரு சைக்கிள் திருட்டு. ஒரு மாமியார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காகா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நிஜமாவே நீ பாக்கலையா?"

"பாக்கல காகா."

தொப்பியின் விளிம்பை நீவினார். "நானும் பாத்ததில்ல" என்றார். "எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த இடத்துல குங்குமம்தான். அப்பா பாத்திருப்பார்."

"போலீஸ்ல எழுதுவாங்களே?"

"அவங்களும் புத்தகத்தைப் பாத்துத்தான் எழுதுவாங்க." பிறகு மெல்லச் சொன்னார், "அப்பா பாத்திருப்பார். பாக்காமலா?"

அது என்னிடம் கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு மனிதர் தன் அப்பாவைப் பற்றி எழுபது வயதில் யோசிக்கக் கூடாத ஒன்றை, என் துணிச் சக்கரம் யோசிக்க வைத்துவிட்டது.

மூன்றரை மணி வாக்கில், வழக்குச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா ஒரு படிவத்தோடு வந்தார். ரிவால்வரை அழிக்க அனுப்பும் படிவம். ஆட்சேபணை இல்லை என்று காகா கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தா ஜன்னல் திண்டில் வைத்து நிரப்பினார். பொருள், ரிவால்வர். எண்ணிக்கை, ஒன்று. நிலை, துருப்பிடித்தது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. வழக்குக் கட்டைப் புரட்டி, அதில் தைத்திருந்த லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து, பார்த்துப் பார்த்து எழுதினார். நாலு, ஏழு, பூஜ்யம், ஒன்று, ஏழு.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாஹேப், அந்த நம்பர் துப்பாக்கி இது இல்லைன்னுதானே தீர்ப்பு?"

"அதுக்கு?"

"அந்த நம்பரையே எழுதறீங்களே."

"நம்பர் கட்டம் காலியா போனா திருப்பி அனுப்பிடுவான். நீ வந்து பதில் சொல்வியா?" அவர் படிவத்தைக் காகாவிடம் நீட்டினார்.

காகா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். லைசென்ஸ் புத்தகத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். ஓர் இலக்கத்தின் மேல் இடது கை விரலையும், படிவத்தில் அதே இலக்கத்தின் மேல் வலது கை விரலையும் வைத்தார். ஒவ்வொன்றாக நகர்த்தினார். வாய் அசைந்தது. ஐந்து இலக்கத்துக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

"பரோபர் ஹாய்" என்றார். சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டார். போய் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கோர்ட் கலைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.